ஒரு நாள் கிராமம்

சிக்னல் விளக்கு சிவப்புக்கு மாறியது. அதன் எதிரே ஒரு கோழி வந்து நின்றது. விளக்கைப் பார்த்து நின்றதா, வேறு ஏதாவது யோசனையில் நின்றதா என்று தெரியவில்லை. கோழிக்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்தி அவனும் நின்றான்.

ஸ்கூட்டரின் முன்னால் குழந்தை நின்றுகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் மாமியார். மாமியாருக்குப் பின்னால் மனைவி, பாதி சீட்டிலும் பாதி நம்பிக்கையிலும் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"சிகப்பு."

"என்ன சிகப்பு?"

"சிக்னல்."

மாமியார் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே மாப்பிள்ளை. ஊரு முன்னேறிடுச்சே."

அவன் விளக்கை முறைத்தான். இந்த ஊர் என்று வேண்டுமானாலும் முன்னேறட்டும். இன்றைக்கு மட்டும் முன்னேறவே கூடாது.

விஷயம் இதுதான். கிராமத்தில் வீடு வாங்குகிறவர்களுக்கென்றே பேங்கில் தனியாக ஒரு கடன் இருந்தது. முன்பணம் வேண்டாம். மற்ற கடன்களுக்கெல்லாம் முதலில் ஒரு பெரிய தொகையை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கவே முடியும். அவனிடம் மேஜைமேல் வைக்க ஹெல்மெட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால் இந்தக் கடன் ஒன்றுதான் வழி. இதற்கு இரண்டே நிபந்தனை. ஒன்று, ஊர் கிராமமாக இருக்க வேண்டும். இரண்டு, வீடு குடியிருக்கிற வீடாக இருக்க வேண்டும், பண்ணையாக இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் நேரில் பார்த்து முடிவு சொல்ல இன்று காலை பேங்க் மேடம் வருகிறார்.

அவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். பிழைக்க வெகுதூரத்திலிருந்து வந்தவன். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அவன் 'ஃபிரிட்ஜ் தம்பி'. குடியிருந்தது ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே, ஒரே அறை. அங்கே நான்கு பேர். குழந்தை முதலில் பேசிய சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, 'டங்'. அந்த அறையும் மாதக் கடைசியில் போய்விடும். கீழே இருக்கிறவருக்கு இரும்பு வைக்க இடம் வேண்டுமாம்.

இந்த ஊர்க் கடைக்காரரின் ஐஸ்பெட்டியைச் சரிசெய்ய வந்தபோதுதான் அவருடைய பழைய வீடு ஒன்று பூட்டிக் கிடப்பதைப் பார்த்தான். விலை கேட்டான். அவர் சொன்ன விலை ரொம்பக் குறைவாக இருந்ததில் ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. பேய் கீய் இருக்குமோ என்று விசாரித்தான். அதெல்லாம் இல்லை என்றார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, "அண்ணே, நாளைக்கு பேங்க்லேருந்து வீட்டையும் ஊரையும் பாக்க வர்றாங்க. கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டான்.

அவர் பார்த்துக்கொண்டுவிட்டார்.

கோழி நகர்ந்தது. விளக்கு பச்சையானது. ஸ்கூட்டர் முக்கைத் தாண்டி கடை வாசலில் நின்றது. நேற்று வரை அந்தக் கடைக்குப் பெயரே கிடையாது. இன்று கூரைமேல் ஆள் உயரப் பலகை ஏறியிருந்தது. 'சூப்பர் மார்க்கெட்.' எதிரே முடிவெட்டுகிறவர் தன் கடையை 'ஆண்கள் அழகு நிலையம்' ஆக்கியிருந்தார். மண் பாதைக்குக் குறுக்கே சுண்ணாம்புத் தூளில் பட்டை பட்டையாகக் கோடு. மரத்தடியில் ஒரு பெஞ்சு, அதற்கு மேலே 'பேருந்து நிறுத்தம்' என்று ஒரு தகரம். அந்த ஊருக்கு பஸ் வந்து யாரும் பார்த்ததில்லை.

கடைக்காரர் கோட்டு போட்டுக்கொண்டு படியில் நின்றார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு போலிருக்கிறது. அவருக்கும் அதற்கும் இப்போது பேச்சுவார்த்தை நின்றுபோய், பொத்தான்கள் ஒரு பக்கமும் துளைகள் ஒரு பக்கமுமாக இருந்தன.

"எப்படி?" என்றார் பெருமையாக.

"அண்ணே... இது என்னண்ணே?"

"டவுன்! காயலான் கடையில கிடந்துச்சு அந்த சிக்னல். பேட்டரி போட்டு, சிமெண்ட் வச்சு ஊண்டிட்டேன். பேங்க்காரங்க வந்து பாத்தா அசந்துட வேணாமா?"

"அண்ணே, இந்த லோன் கிராமத்துக்கு மட்டும்தாண்ணே! டவுன்னு எழுதிட்டாங்கன்னா எனக்கு லோனும் கிடையாது, வீடும் கிடையாது!"

கடைக்காரரின் முகம் சுருங்கியது. "அப்போ எங்க ஊரைப் பாத்தா உனக்குப் பட்டிக்காடு மாதிரி தெரியுதா?"

"தெரியலண்ணே! கொஞ்சம்கூடத் தெரியல! அதுதாண்ணே இப்போ பிரச்சனை!"

"வரிக்கோடு போட்டிருக்கேன், பாத்தியா?" என்றார் முடிவெட்டுகிறவர், நடுவில் புகுந்து.

"பாத்தேன் மாமா. ரொம்ப நல்லா இருக்கு. அழிச்சிடுங்க."

"அழிக்கிறதா? குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போயிடுச்சுடா!"

அவன் கையைக் கூப்பினான். "அண்ணே, கெஞ்சிக் கேக்குறேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கிராமமா இருங்கண்ணே."

கடைக்காரரும் முடிவெட்டுகிறவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். முடிவெட்டுகிறவர் விரல் விட்டு எண்ணுவதுபோல் ஏதோ செய்தார். கடைக்காரர் திரும்பி வந்தார்.

"ஒரு நாள்தானே?"

"ஒரே நாள்."

"சரி. நீ வீட்டுக்குப் போ." அவர் கோட்டைக் கழற்றினார். "கிராமம்னா எப்படி இருக்கும்னு நாங்க காட்டுறோம்."

அவர் சொன்ன தோரணை அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நின்று யோசிக்க நேரம் இல்லை.

வீட்டுக்கதவைத் திறந்ததும் குழந்தை காலி அறைக்குள் ஓடிப் போய் நடுவில் நின்று, "டங்!" என்று கத்தியது. நான்கு சுவரும் திருப்பிச் சொல்லின. குழந்தை கூரையை நிமிர்ந்து பார்த்தது, தரையைப் பார்த்தது. கீழேயிருந்து யாரும் கம்பியால் தட்டவில்லை. இன்னும் பலமாக ஒரு முறை கத்தியது. அப்போதும் யாரும் தட்டவில்லை. அதற்கு ஒரே சிரிப்பு.

அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? குழாயைத் திறந்து பாருங்க" என்றாள் மனைவி, துடைப்பத்தோடு.

குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீர் கொடுத்தது. குளியலறைக்கு நீலக் கல் பதித்திருந்தார்கள். கூரை ஒழுகவில்லை. ஜன்னல்கள் மூடின, திறந்தன. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் அவனுக்குப் பயம் அதிகமாகும். "கூரை எப்போ போட்டது, குழாய் எங்கேருந்து வருது, நான் எங்கே வேலை பாக்குறேன்" என்று பதில்களைத் தனக்குத்தானே ஒப்பித்துப் பார்த்தான்.

பின்பக்கம் மணி ஓசை கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தான். தோட்டத்தில் ஐந்து மாடுகள். நடுவில் பால்காரர், கையில் கயிறு, முகத்தில் பரோபகாரம்.

"கடைக்காரர் சொன்னாரு தம்பி, உனக்கு அவசரமா கிராமம் வேணுமாம்ல? அஞ்சு போதுமா, இன்னும் ரெண்டு ஓட்டிட்டு வரவா?"

"ஐயோ!" மனைவி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அண்ணா, வீட்டுல மாடு இருந்தா பண்ணைன்னு எழுதிடுவாங்க! பண்ணைக்கு லோன் கிடையாது!"

"என்னம்மா இது? சிக்னல் இருந்தாலும் கிடையாது, மாடு இருந்தாலும் கிடையாது! அப்போ உங்க பேங்க்காரனுக்கு என்னதான் வேணும்?"

"முதல்ல இதுங்களை ஓட்டுங்கண்ணா!"

அப்போது வாசல் பக்கம் கார் ஹாரன் கேட்டது.

பால்காரர் மாடுகளைத் தெருப்பக்கம் விரட்டினார். நான்கு போய்விட்டன. ஐந்தாவது மாட்டுக்கு மகாராணி என்று பெயர். அவரால் செல்லமாக வளர்க்கப்பட்டு, யார் சொல்லையும் கேட்டுப் பழக்கமில்லாதது. அது தெருப் பக்கம் பார்த்தது, வெயிலைப் பார்த்தது, பிறகு நிதானமாகப் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போனது. சமையலறையைச் சுற்றிப் பார்த்தது. பிடிக்கவில்லை. குளியலறையின் நீலக் கல் தரை குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும். உள்ளே போய் நின்றுகொண்டது.

மாமியார் குளியலறைக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றார். "நீங்க பயப்படாதீங்க மாப்பிள்ளை. பேச வேண்டியதை நான் பேசிக்கிறேன்."

அவனுடைய பயம் அந்த இடத்தில்தான் உச்சத்துக்குப் போனது.

பேங்க் மேடம் உள்ளே வந்தார். கையில் டார்ச், அளவுநாடா, தோளில் பை. ஈ உட்கார்ந்தாலும் அசையாத முகம். கூரையில் டார்ச் அடித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் நெஞ்சில் ஒரு தட்டு விழுந்தது.

"எத்தனை பேர் இருக்கப் போறீங்க?"

"கூரை போன வருஷம் போட்டது மேடம்."

மேடம் அவனைத் திரும்பிப் பார்த்தார். மனைவி அவன் முழங்கையைக் கிள்ளிவிட்டு, "நாலு பேரு மேடம்" என்றாள்.

"பாத்ரூம் எங்கே?"

"இது என் அம்மா" என்றான் அவன். பிறகு, "மாமியார்" என்று திருத்தினான்.

"அம்மா, கொஞ்சம் நகருங்க. உள்ளே பாக்கணும்."

"உள்ள ஆளு இருக்கு" என்றார் மாமியார், நகராமல்.

"யாரு? நாலு பேரும் இங்கேதானே நிக்கிறீங்க?"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து நீளமாக ஒரு குரல் வந்தது: "ம்ம்ம்மா..."

மேடம் புருவத்தை உயர்த்தினார். "யாரோ அம்மான்னு கூப்பிடுறாங்க?"

"என் பொண்ணு" என்றார் மாமியார், கண்ணை இமைக்காமல்.

"உங்க பொண்ணு இதோ நிக்கிறாங்களே?"

"இது சின்னவ. உள்ள பெரியவ. கொஞ்சம் உடம்பு கனம். வெளிய வர நேரமாகும்."

கதவு உள்ளேயிருந்து தள்ளப்பட்டது. மாமியார் தன்னால் முடிந்தவரை எதிர்த்து நின்றார். ஆனால் எதிர்த்தரப்பு ரொம்பப் பலமாக இருந்தது. கதவு திறந்தது. ஒரு வால் வெளியே வந்து மேடத்தின் பையை ஒரு முறை துடைத்துவிட்டு உள்ளே போனது.

"இதுதான் பெரியவங்களா?" என்றார் மேடம்.

"மேடம், இது பண்ணை மாடு இல்ல மேடம்!" அவனுக்கு நாக்கு குழறியது. "இது... சும்மா வீடு பாக்க வந்துச்சு."

"ஆமா மேடம்" என்று மாமியார் ஓடி வந்து கைகொடுத்தார். "இதால ஒரு வருமானமும் கிடையாது. ஒரு சொட்டுப் பால் குடுக்காது. சுத்தச் சோம்பேறி. தின்னுறது, தூங்குறது, அவ்வளவுதான். தண்டம்."

ஜன்னலுக்கு வெளியே குனிந்து ஒளிந்திருந்த பால்காரர் சட்டென்று எழுந்தார். ஜன்னல் கம்பிக்குள் அவர் முகம் சிவந்துபோய்த் தெரிந்தது.

"யாரும்மா தண்டம்? என் மகாராணியா தண்டம்? ஒரு வேளைக்கு ஒரு குடம் கறக்கும்மா! சுத்துவட்டாரத்துல எவனையாவது இப்படி ஒரு மாட்டைக் காட்டச் சொல்லு பாப்போம்! என் மாடும்மா அது! நான் பெத்த பிள்ளை மாதிரி! இதுவரைக்கும் யாரும் அதை ஒரு வார்த்தை சொன்னதில்ல!"

"அண்ணா, கொஞ்சம் மெதுவா..." என்றாள் மனைவி.

"மெதுவா என்னம்மா மெதுவா! மேடம், நீங்க எழுதிக்கங்க, ஒரு குடம்!"

மேடம் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. நீளமாக எழுதினார்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். முடிந்துபோயிற்று. பண்ணை என்று எழுதிவிட்டார். மாதக் கடைசியில் நான்கு பேரும் எங்கே போவது? மாடு மாதிரி எந்த வீட்டுக் குளியலறையிலாவது போய் நின்றுகொள்ளவும் முடியாது.

"சரி, ஊரைப் பாக்கலாம்" என்றார் மேடம்.

ஊர் தயாராக இருந்தது.

சூப்பர் மார்க்கெட் பலகையை இறக்க முடியாததால் அதன்மேல் வைக்கோலைப் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் 'சூப்' மட்டும் எட்டிப் பார்த்தது. அழகு நிலையத்தின் பலகை தலைகீழாகத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. முடிவெட்டுகிறவர் தலையில் ஒரு புல்லுக்கட்டைச் சுமந்தபடி தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும், மறுமுனையிலிருந்து இந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தார். விரட்டிவிட்ட நான்கு மாடுகளும் சுண்ணாம்புக் கோட்டின்மேல் படுத்திருந்தன.

கடைக்காரர் மேல்சட்டையில்லாமல், தோளில் துண்டோடு ஓடி வந்தார். மேடத்தின் காரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் துள்ளினார்.

"இது என்ன மேடம் இது? தானா ஓடுதே! நாங்க கிராமத்து ஆளுங்க. இதெல்லாம் பாத்ததே இல்ல."

மேடம் திரும்பிப் பார்த்தார். கடை வாசலில் கடைக்காரரின் சொந்த வேன் நின்றது.

"அப்போ அது என்ன?"

கடைக்காரர் ஒரு நிமிஷம் வேனைப் பார்த்தார், முன்பின் அறிமுகம் இல்லாததுபோல. "அதுவா? அது... மாடு கட்டி இழுக்குறது மேடம்."

அவன் கண்களை மூடிக்கொண்டான். மூடிக்கொண்டே நடந்ததில் ஒரு மாட்டின்மேல் மோதினான். மன்னிப்புக் கேட்டான்.

கண்களைத் திறந்தபோது எல்லோரும் முக்கில் நின்றிருந்தார்கள். அங்கே சிக்னல் கம்பம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சோளக்கொல்லைப் பொம்மை நின்றது. சிமெண்டில் ஊன்றிய கம்பத்தைப் பிடுங்க முடியாமல், அதற்குச் சட்டை போட்டு, குறுக்கே கழி கட்டிக் கை வைத்து, கழுத்து வரை வைக்கோல் சுற்றியிருந்தார்கள். தலைக்குத் தொப்பி. தொப்பிக்குக் கீழே முகம் சிவப்பாக எரிந்தது.

மேடம் பொம்மையைச் சுற்றி வந்து பார்த்தார். "இது என்ன?"

"பறவை விரட்டுற பொம்மை மேடம்" என்றார் கடைக்காரர்.

"ரோட்டு நடுவுல என்ன விளையுது?"

கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் பொம்மையின் சிவப்பு அணைந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து வைக்கோல் வழியாகப் பச்சை வெளிச்சம் வந்தது.

"பச்சையா ஆகுதே" என்றார் மேடம்.

புல்லுக்கட்டோடு வந்த முடிவெட்டுகிறவர் நின்றார். "இப்போ காக்கா போகலாம்னு அர்த்தம் மேடம்."

அவனுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. பயப்படுவதற்கும் ஒரு அளவு இருக்கிறது போலும். அதைத் தாண்டிவிட்டால் பயம் வருவதில்லை.

"போதும்ணே" என்றான். "மேடம், இது சிக்னல்தான். அது வேன்தான். வைக்கோலுக்குக் கீழே சூப்பர் மார்க்கெட்னு இருக்கு. மாடு எங்க மாடு இல்ல, ஆனா எங்க பாத்ரூம்லதான் இருக்கு. எல்லாம் என்னாலதான். இவங்க மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு லோன் கிடைக்கணும்னுதான் இவ்வளவும் பண்ணாங்க."

"தம்பி, சும்மா இருடா" என்று கடைக்காரர் பல்லைக் கடித்தார்.

"இல்லண்ணே, சொல்லிடுறேன். மேடம், என் குழந்தை இன்னைக்குக் காலையில அந்த வீட்டுக்குள்ள போய் வாய் விட்டுக் கத்துச்சு. பொறந்ததுலேருந்து நாங்க அதை 'சத்தம் போடாதே, சத்தம் போடாதே'ன்னே வளத்துட்டோம். ஏன்னா கீழே இருக்கிறவன் கம்பியால தட்டுவான். இன்னைக்கு யாரும் தட்டல. அது சிரிச்சுது. எனக்கு அவ்வளவுதான் மேடம் வேணும். இது கிராமமா, டவுனா, பண்ணையா, எனக்குத் தெரியாது. நீங்க பாத்து என்ன எழுதணுமோ எழுதிக்கங்க."

மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ஒரு மாடு எழுந்து நின்றது.

மேடத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் கண்டது. முதலில் உதடு. அப்புறம் கன்னம். பிறகு பையை மாட்டின்மேல் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"காக்கா போகலாமாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். "ஏன் தம்பி, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? நான் வந்தது கூரை ஒழுகுதா, தண்ணி வருதா, சுவர் வெடிச்சிருக்கான்னு பாக்க. ஊரைச் சும்மா காத்தாட நடந்து பாக்கலாம்னு வந்தேன். கிராமமா டவுனான்னு கண்ணால பாத்தா முடிவு பண்ணுவாங்க? அது ஜனத்தொகைக் கணக்கு. ஆபீஸ்லேயே இருக்கு."

"அப்போ... கணக்குல இது..."

"கிராமம்தான். மயிரிழையில கிராமம்."

"பண்ணை?" என்று கேட்டாள் மனைவி, இன்னும் நம்பாமல்.

"மாடு என் மாடு, என் மாடுன்னு அவரே ஊர் முழுக்கக் கேக்குற மாதிரி கத்துனாரே. அதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்? அதைத்தான் எழுதிக்கிட்டேன்."

பால்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு குடம்னும் எழுதியிருக்கீங்கல்ல மேடம்?"

"எழுதியிருக்கேன்."

மேடம் காரின் முன்பக்கத்தில் காகிதங்களைப் பரப்பினார். "கையெழுத்துப் போடுங்க. இன்னைக்குத் தேதியில இது கிராமமா இருந்தாப் போதும். நாளைக்கு நீங்க இங்கே விமான நிலையமே கட்டினாலும் பேங்குக்கு ஆட்சேபணை இல்ல. குடுத்த லோன் குடுத்ததுதான்."

அதைக் கேட்டதும் கடைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினார்.

அவன் கையெழுத்துப் போட்டான். அவன் பெயர் ஒரு மலைத்தொடர் மாதிரி வந்தது. மனைவி போட்டாள், கல்வெட்டு மாதிரி. மேடம் கைகுலுக்கினார். கார் கிளம்பியது. நான்கு மாடுகளும் ஒதுங்கி வழிவிட்டன.

கார் திரும்பி மறைந்த மறுநொடி ஊரே 'ஓ'வென்று கத்தியது.

அவன் அப்படி ஒரு கொண்டாட்டத்தை எதிர்பார்க்கவில்லை. கடைக்காரர் ஐஸ்பெட்டியைத் திறந்து சோடா பாட்டில்களை வரிசையாக உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார், காசு வாங்காமல். முடிவெட்டுகிறவர் புல்லுக்கட்டை வானத்தில் எறிந்துவிட்டு, "தம்பி, உனக்கும் உன் பரம்பரைக்கும் முடிவெட்டு இலவசம்!" என்றார். பால்காரர் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார். குழந்தை ஊரே அதிரும்படி "டங்! டங்!" என்று கத்தியது. யாரோ பதிலுக்குத் தகரத்தைத் தட்டினார்கள், ரசித்து.

அவன் நடுவில் நின்று அழுதான், சிரித்தான், மறுபடி அழுதான். இனி யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டாத சாவி சட்டைப்பையில் கனத்தது. வந்த இடத்தில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று எத்தனை நாள் மறுகியிருப்பான்! இதோ ஒரு ஊரே இருக்கிறது.

"என்னங்க" என்று மனைவி காதருகே வந்தாள். "வீடு கிடைச்சது நமக்கு. இவங்க ஏன் நம்மளவிட ஜாஸ்தி குதிக்கிறாங்க?"

"பாசம்டி."

"நேத்து வரைக்கும் உங்களை ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குத்தானே தெரியும்?"

"எல்லாத்தையும் சந்தேகப்படாதே. அது என் வேலை."

மாமியார் சோடாவை ஒரே மூச்சில் குடித்து முடித்து, பாட்டிலைக் கீழே வைத்தார். "சரி மாப்பிள்ளை. சின்னவளுக்கு ஒரு வீடு அமையுற வரைக்கும் கூட இருக்கணும்னு நினைச்சேன். அமைஞ்சிடுச்சு. நான் என் பெரிய பொண்ணு வீட்டுக்குக் கிளம்புறேன். நிஜமான பெரியவ."

அவன் மரியாதைக்கு வருத்தமான முகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தான். அதற்குள் தெருவில் சத்தம் அடங்கிப்போனது. பால்காரர் ஆடுவதை நிறுத்தினார். கடைக்காரர் கையிலிருந்த சோடா பாட்டில் நழுவி விழுந்து உருண்டது.

"எங்கே போறீங்க?" என்றார் கடைக்காரர் பதறி.

"பெரியவ வீட்டுக்கு..."

"அதெல்லாம் முடியாது!" கடைக்காரர் கும்பிட்டார். "அக்கா, நீங்க போகவே கூடாது. கடையில உங்களுக்கு என்ன வேணுமோ எடுத்துக்கங்க. ஈஸி சேர் வேணுமா? என்னோடதை இப்பவே அனுப்புறேன்."

"தினம் ஒரு சொம்பு பால், மகாராணிப் பால், நானே கொண்டுவந்து தர்றேன்க்கா" என்றார் பால்காரர். "அதைத் தண்டம்னு சொன்னதைக்கூட மறந்துட்டேன்."

"நீங்க இல்லாத ஊரு ஒரு ஊரா?" என்றார் முடிவெட்டுகிறவர்.

மாமியார் வாயடைத்துப்போனார். அவன் பார்த்தவரையில் அது முதல் தடவை. "என்னை யாருமே... என் சொந்தப் பிள்ளைங்ககூட இப்படி வருந்திக் கூப்பிட்டதில்ல" என்று கண் கலங்கினார். "சரி. இவ்வளவு சொல்றீங்க. கடைசிவரைக்கும் இங்கேயே இருந்துடுறேன். என்ன மாப்பிள்ளை?"

தயார் செய்து வைத்திருந்த வருத்தமான முகம் அவனுக்கு இப்போது வேறு விதத்தில் உதவியது. "சந்தோஷம் அத்தை" என்றான்.

மறுபடியும் ஊர் 'ஓ'வென்று கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே தபால்கார அம்மா சைக்கிளை மூச்சுமுட்ட மிதித்துக்கொண்டு வந்து இறங்கினார். அந்த ஊரில் யார் பிறந்தது, யார் வந்தது, யார் போனது என்று பதிந்துகொள்வதும் அவர்தான்.

"அந்தப் பெரியம்மா இருக்காங்களா, போறாங்களா?" என்று கேட்டார், சைக்கிளை நிறுத்தக்கூட மறந்து.

"இருக்காங்க! இருக்காங்க!" என்றார்கள் எல்லோரும்.

தபால்கார அம்மா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். "அப்பாடா! நம்ம ஊரு டவுன் ஆக சரியா நாலு பேரு குறையுது, இருக்கிறதும் ஒரே காலி வீடு. மூணு பேரா வந்த குடும்பத்தையெல்லாம் அந்த வீட்டுல பேய் இருக்குன்னு சொல்லி விரட்டினது வீணாப் போயிடுமோன்னு பயந்தே போயிட்டேன்!"